ஊதிப்போன கப்பாசிற்றர்களின் காலம்

2002 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரல் 8 ஆம் திகதி ஏ9 வீதி பொதுமக்களின் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் பின்னரான நான்கு ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வந்து சேர்ந்த பொருள்களைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். சீமெந்தும் இரும்பும் வந்தன. இந்திய மோட்டார் சைக்கிள்கள் வந்தன. தென்னிலங்கை வியாபாரிகள் வீதியோரங்களில் பிளாஸ்ரிக் கதிரைகளை அடுக்கி வைத்து விற்றார்கள். கணினியும் அந்த லொறிகளிலேயே வந்தது. அப்படி வந்த கணினிகள் ஏன் அத்தனை விரைவாகப் பழுதடைந்தன, திருத்திய பின்னரும் ஏன் மீண்டும் மீண்டும் பழுதடைந்தன என்பதை மட்டும் எவரும் எழுதியதாக நான் அறியேன்.

அந்நாளில் இதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்கள் மூன்று. கடைக்காரன் பழசைப் புதிதென்று தலையில் கட்டிவிட்டான் என்பது ஒன்று. திருத்துகிறவன் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு கெட்டதைப் பூட்டிவிட்டான் என்பது இன்னொன்று. யாழ்ப்பாணத்து வெக்கைக்கும் உப்புக் காற்றுக்கும் கணினி ஒத்துவராது என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் முக்கியமான காரணம் இவற்றுக்கு வெளியே இருந்தது. அது நமது கைக்கு எட்டாத தூரத்திலும் இருந்தது.

அதற்கு வருமுன் மின்சாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1990 ஜூனில் இரண்டாம் கட்டப் போர் மூண்டபோது குடாநாடு தேசிய மின் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது. யாழ். நகரில் மின்சார நிலைய வீதி என்று ஒரு வீதி உண்டு. அந்த வீதி ஆண்டுக்கணக்காக இருளில் கிடந்தது. கூடவே பொருளாதாரத் தடையும் வந்தது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம், அச்சுத்தாள் என்று தடைப்பட்டியல் நீண்டது. ஜாம் போத்தலில் திரி போட்டுச் செய்த சிக்கன விளக்கில் ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதியது. பெற்றோலில் ஓட வேண்டிய மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தொடக்கி வைக்க மட்டும் சில துளி பெற்றோல். தீர்ந்துபோன ரோர்ச் பற்றரிகளை வெயிலில் காயவைத்து றேடியோவில் போட்டுச் செய்தி கேட்டோம். பள்ளிக் கொப்பித் தாளில் நாளிதழ்கள் அச்சாயின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத்துக்கெனத் தனித்துறை தோன்றியதும் இதே 1990களின் தொடக்கத்தில்தான். மின்சாரம் இல்லாத ஊரில் கணினித் துறை! சிரிப்பதற்கில்லை. அங்கே மின்பிறப்பாக்கி இயங்கும் சில மணி நேரத்துக்கெனக் காத்திருந்து படித்தவர்கள் பின்னாளில் உலகெங்கும் வேலை செய்தார்கள்.

இந்தக் காலம் நமக்கு ஒரு தனியான திறமையையும் தந்தது. எதையும் எறியாமல் திருத்திப் பாவிக்கும் திறமை அது. அதற்கு முன் 1980களில், ஓர் இரவுக்கு ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் படம் பார்த்த பழக்கம் இருந்தது. அந்தக் கருவிகளைப் பராமரித்தவர்களும் றேடியோ திருத்தகங்களில் சோல்டரிங் இரும்பு பிடித்துப் பழகியவர்களும்தான் தடைக்காலத்தில் குடாநாட்டின் பொறியியலாளர்கள். புதிய பாகம் கிடைக்காது. ஆகவே செத்த ஒன்றிலிருந்து கழற்றி, சாகக் கிடக்கும் ஒன்றுக்குப் பூட்டுவார்கள். கணினி வந்தபோது அதைத் திறந்து பார்க்கும் துணிவு அவர்களுக்கே இருந்தது. இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

1995 ஒக்ரோபர் 30 இன் இடப்பெயர்வுக்குப் பின், 1996 இல் மக்கள் வலிகாமத்துக்குத் திரும்பினார்கள். அதன் பின் சிறிது சிறிதாக மின்சாரம் வந்தது. ஆனால் அது மலைநாட்டு நீர்வீழ்ச்சியிலிருந்து வந்த மின்சாரம் அன்று. குடாநாட்டுக்குள்ளேயே டீசல் மின்பிறப்பாக்கிகள் பெற்றெடுத்த மின்சாரம். தீவு முழுவதையும் இணைக்கும் வலையமைப்பில் எங்கோ ஓர் ஆலை திடீரென இயங்கினால் அந்தச் சுமை பல நிலையங்களுக்குள் பகிரப்பட்டுவிடும். சில மின்பிறப்பாக்கிகளை மட்டும் நம்பிய தனித்தீவுக்கு அந்த வசதி இல்லை. மாலை 6 மணிக்கு எல்லா வீடுகளிலும் விளக்கு ஏறினால் குமிழ்கள் மங்கிச் சிவக்கும். இரவு 10 மணிக்கு எல்லாம் அணைந்தால் பளிச்சென்று வெளுக்கும். 230 வோல்ற் என்பது சுவரில் எழுதிய கணக்கு. சுவருக்குள் ஓடியது வேறு.

பழைய வீடுகளில் எர்த் இணைப்புச் சரியாக இல்லாததும் சேர்ந்துகொண்டது. கணினிப் பெட்டியின் தகரத்தில் விரல் பட்டால் சுரீர் என்று பிடிக்கும். யூபிஎஸ் வாங்கியவர்களுக்கு வேறு துன்பம். மலிவான யூபிஎஸ், வோல்ற் அளவு குறையும்போதெல்லாம் பற்றரிக்குத் தாவி, கூடும்போது திரும்பி, இரவெல்லாம் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் பலமுறை இப்படித் தாவினால் பற்றரி எத்தனை மாதம் தாங்கும்? சில மாதங்களில் யூபிஎஸ் என்பது வெறும் பாரமான பிளக் கட்டையாகிவிடும்.

இந்த மின்சாரத்துக்குள்தான் 2002 இன் பின் கணினிகள் வந்து இறங்கின. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் வாங்கி, லொறியிலோ பஸ்ஸிலோ ஏற்றி, ஓமந்தையிலும் முகமாலையிலும் இறக்கிக் காட்டி, இடையில் வன்னியில் விடுதலைப் புலிகளின் சுங்கத்துக்கு வரியும் கட்டிக் கொண்டுவருவார்கள். கஸ்தூரியார் வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் கடைகள் திறந்தன. மூலைக்கு மூலை கணினிப் பயிற்சி நிலையப் பலகைகள் தொங்கின. வெளிநாட்டுப் பணம் வந்த வீடுகளில் பிள்ளையின் படிப்புக்கென முதலில் கேட்கப்பட்ட பொருள் கணினிதான்.

நான் 2003 இன் நடுப்பகுதியில் ஒன்று வாங்கினேன். அறுபதாயிரம் ரூபாவுக்கு மேல். பத்திரிகையாளனின் சம்பளத்தில் அது எத்தனை மாதத்துப் பணம் என்று இங்கே எழுத விரும்பவில்லை. வாங்கிய கடையின் பெயரும் வேண்டாம். அந்தக் கடை இப்போது இல்லை. ஓராண்டு ஒழுங்காக இயங்கியது. பிறகு கட்டுரையின் நடுவில் தானே அணைந்து தானே எழும்பத் தொடங்கியது. முதல் தடவை வைரஸ் என்றார்கள். வன்தட்டை அழித்து விண்டோஸை மீளப் போட்டார்கள். திரும்பி வந்தபோது பாமினி எழுத்துரு இல்லை. அதுவரை எழுதியதெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திரையில் நின்றது. எழுத்துருவைத் தேடிப் போட்ட பிறகும் அணைவது நிற்கவில்லை. இரண்டாம் தடவை நினைவகச் சட்டத்தைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினார்கள். மூன்றாம் தடவை பவர் சப்ளையை மாற்றினார்கள். நான்காம் தடவை போனபோது கடைக்காரர் என்னை ஒரு விதமாகப் பார்த்து, "நீங்கள் தமிழ் எழுத்துருக்களைக் கனக்கப் போட்டிருக்கிறியள், அதுதான் மெஷின் தாங்குதில்லை" என்றார்.

ஒவ்வொரு தடவையும் காசு. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டி, இடையில் இராணுவச் சோதனைக்கு அவிழ்த்துக் காட்டி, திரும்பவும் கட்டி ஓட வேண்டும். என்னைப் போன்றோரின் கதை யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு ஒன்று இருந்தது. சந்தித்த இடத்திலெல்லாம் இதே பேச்சு.

உண்மையான காரணம் பெட்டிக்குள்ளே, தாய்ப்பலகையில் நிரையாக நின்றது. சுண்டுவிரல் நகத்தளவு அகலமுள்ள சிறிய அலுமினிய உருளைகள் அவை. பாடசாலைப் புத்தகம் அவற்றைக் கொள்ளளவி என்கிறது; திருத்தகங்களில் கப்பாசிற்றர். மின்னைச் சிறிது நேரம் தேக்கி வைத்து, ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தி, மையச் செயலிக்கு அமைதியான மின்னைக் கொடுப்பது அவற்றின் வேலை. உள்ளே அலுமினியத் தகடும், மின்பகுபொருளில் ஊறிய தாளும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். 1999 அளவிலிருந்து சில ஆண்டுகளாகச் சந்தைக்கு வந்த கப்பாசிற்றர்களில், குறிப்பாகத் தாய்வானில் தயாரானவற்றில், பெருந்தொகையானவை குறைபாடுள்ளவை. அலுமினியத்தை நீர் அரிக்காமல் காக்கும் சேர்மானம் அவற்றின் மின்பகுபொருளில் சரியாக இல்லை. நாளாக நாளாக உள்ளே ஐதரசன் வாயு சேரும். உருளையின் தலை ஊதும். வெடிக்காமல் கிழியட்டும் என்றே தலையில் கீறி வைத்திருக்கும் சிலுவைக் கோடு பிளந்து கபில நிறக் கசிவு வெளிவரும். அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே கணினி காரணமின்றி அணையத் தொடங்கியிருக்கும்.

2002 இன் பிற்பகுதியில் இத்துறைக்கான சஞ்சிகைகளில் இச்செய்தி வெளிவந்தது. 2003 இல் அமெரிக்க மின்பொறியியலாளர் சங்கத்தின் சஞ்சிகையிலும் வந்தது. ஜப்பானிய நிறுவனமொன்றிலிருந்து விலகிச் சீன நிறுவனமொன்றுக்குப் போன விஞ்ஞானி ஒருவரிடமிருந்து மின்பகுபொருளின் சூத்திரம் களவு போனதென்றும், களவெடுத்தவர்களுக்கு அது முழுமையாகக் கிடைக்கவில்லை என்றும் அப்போது எழுதப்பட்டது. கதை சுவையானதுதான், எவரும் நீதிமன்றத்தில் நிறுவவில்லை. உருளைகள் ஊதியது மட்டும் உலகெங்கும் கண்ணால் கண்ட உண்மை.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்ற 1 கோடியே 18 இலட்சம் கணினிகளில் இவ்வாறு கெடக்கூடிய பாகங்கள் இருந்தன என்று பின்னர் ஒரு வழக்கின் ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. அந்தக் கப்பாசிற்றர்கள் ஜப்பானில் செய்யப்பட்டவை. ஆகவே தாய்வானை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2005 இல் திருத்தச் செலவுக்கென 30 கோடி டொலரை அந்த நிறுவனம் கணக்கில் ஒதுக்கியது. 2010 இல் நியூயோர்க் டைம்ஸ் இந்த ஆவணங்களை வெளியிட்டபோது அதில் இருந்த ஒரு சம்பவத்தை வாசித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். ரெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத்துறையில் கணினிகள் வரிசையாகப் பழுதானபோது, நீங்கள் கடினமான கணக்குகளைக் கொடுத்து அவற்றை வருத்திவிட்டீர்கள் என்று நிறுவனத்தார் காரணம் சொன்னார்களாம். எங்கள் ஊர்க் கடைக்காரரின் தமிழ் எழுத்துருவுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நிறுவனத்துக்காக வாதாடிய சட்ட நிலையத்திலும் இதே கணினிகள் இருந்தன என்பதும், அவற்றைத் திருத்திக் கொடுக்கவும் நிறுவனம் பின்னடித்தது என்பதும் அதே செய்தியில் இருந்தன.

யாழ்ப்பாணத்துக்கு வந்தவை பெரும்பாலும் உதிரிப்பாகங்களைச் சேர்த்துப் பூட்டியவை. விலை குறைந்த தாய்ப்பலகைகள், விலை குறைந்த பவர் சப்ளைகள். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளும் மறுவிற்பனைக்கு வந்தன. குறைபாடுள்ள கப்பாசிற்றர், சூடு ஏற ஏற இன்னும் விரைவாகக் கெடும். மின்விசிறி நிற்கும் மதிய வெக்கையும், காற்றோட்டத் துளைகளை அடைக்கும் வலிகாமத்துச் செம்மண் தூசியும், இறங்கி ஏறும் மின்சாரமும் கூடி, கொழும்பில் மூன்றாண்டு தாங்கக்கூடிய ஒன்றை இங்கே அதற்கு முன்பே முடித்துவிடும். யாழ்ப்பாணத்துக்குக் கணினி ஒத்துவராது என்றவர்கள் கண்டது இந்த விளைவைத்தான்.

இனித் திருத்துநர்களின் பக்கம். ஊதிய உருளையைக் கண்டுபிடித்தவர்கள் அவர்களே. பலகையையே மாற்று என்று கொழும்புக் கடைகள் சொல்லிக்கொண்டிருந்தபோது, உருளைகளைக் கழற்றி வேறு போட்டு உயிர் கொடுத்தவர்கள் குடாநாட்டின் பழைய றேடியோ, ரீவி திருத்துநர்கள். அதே இடத்தில்தான் சிக்கலும் இருந்தது. அவர்களிடம் இருந்த கப்பாசிற்றர்கள் பழைய ரீவிகளிலிருந்து கழற்றியவை. 85 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கென விதிக்கப்பட்டவை பல. தாய்ப்பலகையில் செயலிக்கு அருகே வேண்டியது 105 பாகை தாங்குவது. அதோடு உள்தடை மிகக் குறைவாக உள்ள தனி வகை. மைக்ரோ பரட் கணக்கும் வோல்ற் கணக்கும் சரியாக இருந்தாலும் இந்த உள்தடை கூடினால் உருளை தானே சூடேறி மீண்டும் ஊதும். ஆகவே திருத்தி வந்த கணினி நான்கைந்து மாதத்தில் அதே நோயுடன் திரும்பப் போகும். வீட்டுக்காரர், திருத்தியவன் ஏமாற்றினான் என்பார். திருத்தியவரோ தன்னால் முடிந்ததைச் சரியாகவே செய்திருப்பார். அவருக்கு வேண்டிய பாகம் சந்தையில் இல்லை. அப்படி ஒரு தனி வகை உண்டு என்பதை அவருக்குச் சொல்லவும் எவருமில்லை. அந்த மனிதர்கள் மீது அந்நாளில் விழுந்த பழி பெரும்பாலும் அநியாயமானது என்பதே என் கருத்து. பாகத்தை மாற்றாமலே மாற்றியதாகக் காசு வாங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக நான் வாதாடவில்லை.

சட்டம் எங்கே போனது என்று கேட்பீர்கள். சட்டம் இருந்தது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், நான் கணினி வாங்கிய அதே ஆண்டில் வந்தது. உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி அதிகார சபையிடம் முறையிட அது இடமளித்தது. ஆனால் பொருள் விற்கப்பட்ட மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை. மின்பகுபொருள் கெட்ட கப்பாசிற்றர் மூன்று மாதத்தில் ஊதாது. அது ஓராண்டு, இரண்டாண்டு பொறுத்திருந்து, கடைக்காரரின் உத்தரவாதமும் சட்டத்தின் கெடுவும் முடிந்த பின்னரே தலையைத் தூக்கும்.

உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே பழுதானவர்களின் நிலை இன்னும் வேடிக்கை. உத்தரவாதத்தைக் கொடுத்தவர் கொழும்பில் இறக்குமதி செய்தவர். பழுதான பாகம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் போய், இரண்டு சோதனைச் சாவடிகளைக் கடந்து, பார்க்கப்பட்டு, திரும்ப வேண்டும். இதற்கிடையில் ஒரு மாதம் போய்விடும். வந்த பாகம் புதிதா, வேறொருவருடையதைத் திருத்தியதா என்று அறிய வழியில்லை. மின்னழுத்த மாற்றத்தால் ஏற்பட்ட பழுதுக்குப் பொறுப்பில்லை என்று பற்றுச்சீட்டின் அடியில் ஒரு வரி வேறு இருக்கும். யாழ்ப்பாணத்து மின்சாரத்தில் எந்தப் பழுதையும் அந்த வரிக்குள் அடக்கிவிடலாம்.

பிறகு அதுவும் நின்றது. 2006 ஓகஸ்ட் 11 ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கியது, ஏ9 மூடப்பட்டது. அன்று கொழும்பில் திருத்தத்துக்குப் போயிருந்த கணினிகள் கொழும்பிலேயே தங்கின. அரிசியும் மாவும் கப்பலுக்குக் காத்திருந்த நாள்களில் தாய்ப்பலகையைப் பற்றி யார் கவலைப்படுவார்? ஆயினும் பத்திரிகை நாள்தோறும் வர வேண்டியிருந்தது. நான் அப்போது பணியாற்றிய அலுவலகத்தில் ஐந்து செத்த கணினிகளிலிருந்து இரண்டு உயிருள்ளவை உருவாக்கப்பட்டன. தடைக்காலத்தில் கற்ற வித்தை இரண்டாம் முறையும் உதவியது. ஊரடங்கு தொடங்குமுன் பக்கங்களை முடிக்க வேண்டும். கணினி இடையில் அணைந்தால் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து தட்ட வேண்டும். அணையும் அறிகுறி தெரிந்ததும் பேப்பர் மட்டையால் விசிறிய எழுத்துக்கோப்பாளர்களை எனக்குத் தெரியும்.

பின்னாளில் இரண்டு மாற்றங்கள் வந்தன. தாய்ப்பலகை செய்வோர் திரவ மின்பகுபொருளுள்ள உருளைகளை விட்டுத் திண்ம வகைக்கு மாறினார்கள். 2000களின் பிற்பகுதியிலிருந்து வந்த பலகைகளில் அந்த ஊதல் அரிதாகியது. 2013 இல் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயர் அழுத்த மின்வழி வந்து, 23 ஆண்டுகளின் பின் குடாநாடு தேசிய வலையமைப்புடன் மீண்டும் இணைந்தது.

அதற்குள் போனவை போய்விட்டன. 1990களில் நான் எடுத்த குறிப்புகள் கொப்பிகளில் இருக்கின்றன. இரண்டு இடப்பெயர்வுகளைக் கண்டும் வாசிக்கக்கூடிய நிலையில் இருக்கின்றன. நூலகம் இணையத்தளம் 2005 இல் தொடங்கி ஈழத்து ஏடுகளைத் திரட்ட முடிந்ததும் அவை தாளில் இருந்தமையால்தான். ஆனால் 2003 முதல் 2006 வரை, சமாதானம் என்று நாம் நம்பிய அந்தக் காலத்தில், மீள்குடியேறியவர்களிடமும் காணாமற்போனோரின் தாய்மாரிடமும் நான் எடுத்த செவ்விகள் கணினியில் மட்டுமே இருந்தன. பிரதி எடுத்து வைத்த நெகிழ்தட்டுகளில் அடுத்த மாரியிலேயே பூஞ்சணம் பிடித்தது. வன்தட்டுகள் இரண்டு இன்னமும் என் அலுமாரியில் இருக்கின்றன. அவற்றிலிருந்து தரவை மீட்டெடுக்க முடியுமா என்று சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் விசாரித்தேன். பார்க்கலாம் என்றார்கள், முற்பணமாகக் கேட்ட தொகை, அந்தக் கணினியை நான் வாங்கிய விலையிலும் அதிகம்.